ஷார்க் என்று விற்கும் கெளுத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் விரல் நீளத்துக்கு வாங்கும் "ஷார்க்" மீனும், ஹோட்டலில் முள்ளில்லாமல் வறுத்துத் தரும் வெள்ளை மீனும் ஒன்றுதான் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. வீட்டில் தொட்டி வைத்து இந்த மீனிடம் தோற்றவன் நான். பிற்பாடு மீன் தீவன வேலையாக வியட்நாமின் மீகாங் டெல்டா பக்கம் சில காலம் சுற்றியதில் அதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று கேட்டதையே கேட்டுக்கொண்டிருப்பதால், கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் போட்டிருக்கிறேன்.

சார், இது நிஜமாவே ஷார்க்கா? பெரிசானா கடிக்குமா?

சுறாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது கெளுத்தி இனம். முதுகுத் துடுப்பு முக்கோணமாக நிமிர்ந்து நிற்கும், ஒரு இடத்தில் நிற்காமல் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கும். அதனால் வியாபாரிகள் வைத்த பெயர் அது. கிட்டப் போய்ப் பார்த்தால் வாயோரம் இரண்டு ஜோடி மீசை தெரியும். உடம்பில் செதில் கிடையாது. குஞ்சாக இருக்கும்போது பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகள் ஓடும், வெளிச்சம் பட்டால் நீலமும் பச்சையுமாக மினுங்கும். அந்த மினுமினுப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறோம். வளர வளர அது போய் வெறும் சாம்பல் நிறம் மிஞ்சும். "வெள்ளை ஷார்க்" என்று விற்பது இதே மீனின் அல்பினோ, அதாவது நிறமி இல்லாத வகை.

கடிக்காது. ஆனால் குத்தும். முதுகுத் துடுப்பிலும் இரண்டு மார்புத் துடுப்புகளிலும் ரம்பம் மாதிரி முள் இருக்கிறது. வலையில் பிடித்தால் முள் மாட்டிக்கொண்டு மீனும் கிழியும், கையும் கிழியும். சின்ன பக்கெட்டையோ டப்பாவையோ தண்ணீருக்குள் சாய்த்து மீனை அதற்குள் ஓட்டி எடுப்பதுதான் நல்லது.

பங்காசியஸ், பாசா, பாத்தின், ஸ்வாய்… எல்லாம் ஒரே மீனா, வேற வேறயா?

பெரும்பாலும் ஒரே மீன். அறிவியல் பெயர் பங்காசியானோடான் ஹைபோஃப்தால்மஸ். தாய்லாந்தில் ப்ளா ஸ்வாய், வியட்நாமில் கா த்ரா, மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பாத்தின். நம் பண்ணைக்காரர்கள் பங்காசியஸ் அல்லது பங்காஸ் என்பார்கள்.

குழப்பம் பாசாவில்தான். உண்மையான பாசா என்பது பங்காசியஸ் போகோர்ட்டி என்கிற வேறு மீன். அதுவும் மீகாங்காரன்தான், சதையில் கொழுப்பு அதிகம், விளைச்சல் குறைவு. முதலில் ஏற்றுமதியாகிப் பேர் வாங்கியது அது. பிறகு மலிவாக விளைந்த த்ரா அந்தப் பெயரிலேயே உலகம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இங்கே "பாசா ஃபில்லெட்" என்று வாங்குவது அநேகமாக த்ராதான். மலேசியத் தமிழர்களுக்கு இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கும்: பகாங் ஆற்றுப் பாத்தின் வேறு வகை, விலையும் வேறு. பண்ணைப் பாத்தின் பெரும்பாலும் இந்த மீன்.

தொட்டி எவ்வளவோ அவ்வளவுதான் வளரும்னு கடைக்காரர் சொன்னாரே?

இதைச் சொல்லாத கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆற்றில் இந்த மீன் 130 செ.மீ. நீளமும் 44 கிலோ எடையும் வரை போயிருக்கிறது. பண்ணைக் குளத்தில் 6 முதல் 8 மாதத்தில் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். 20 வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது.

சின்னத் தொட்டியில் வளர்ச்சி தடைபடும் என்பது உண்மைதான். ஆனால் அது தொட்டிக்கு ஏற்றபடி மீன் தன்னை மாற்றிக்கொள்வதால் இல்லை. கழிவு சேர்ந்த தண்ணீரும், திரும்பக்கூட இடமில்லாத நெருக்கடியும் சேர்ந்து அதை வதைப்பதால். முதுகு வளைந்து, மூக்கு தேய்ந்து, ஒரு நாள் போய்விடும். பலர் அது எப்போதும் குட்டி மீன்தான் என்று நினைப்பது, அவர்கள் பார்த்த எதுவும் வளரும் வரை பிழைக்காததால்தான்.

என் மூணடித் தொட்டியில நாலு விட்டு ஒரு வருஷம் ஆச்சு. ஏர் பம்ப்கூட இல்ல. நல்லாத்தானே இருக்கு?

உயிரோடு இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். இந்த மீனுக்கு ஒரு வசதி உண்டு: நம் விராலும் தேளியும் போல மேலே வந்து காற்றைக் குடிக்கும். செவுளால் மூச்சு விடுவது போதாதபோது, விழுங்கிய காற்றிலிருந்து நீந்துபை வழியாக ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். நான்கைந்து நிமிடம் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். சட்டென்று மேலே ஏறி, வாயால் ஒரு "டப்", உடனே கீழே. அதுதான்.

கட்லாவோ ரோகுவோ செத்து மிதந்துவிடும் தண்ணீரில் இது நீந்திக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் குறைவைத்தான் இப்படிச் சமாளிக்க முடியும், அம்மோனியாவை முடியாது. அது செவுளை அரித்துக்கொண்டே இருக்கும். இந்த ஒரு குணத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிப் பதில்களுக்கு இதுவே ஆதாரம்.

மூன்றடித் தொட்டி குஞ்சுக்குச் சில மாதம் தாங்கும். ஆறடித் தொட்டியும் தற்காலிகம்தான். இது கூட்டமாகத் திரியும் மீன் என்பதால் ஒன்றை மட்டும் தனியாக வைத்தால் மிரண்டுகொண்டே இருக்கும், ஐந்தாறு வைத்தால் வீட்டில் நீச்சல் குளம் கட்ட வேண்டும். தோட்டத்தில் பெரிய சிமெண்ட் குளம் இருப்பவர் தாராளமாக வளர்க்கலாம். ஃபிளாட்டில் இருப்பவருக்கு என் பதில், வேண்டாம்.

லைட் போட்டா கண்ணாடியில போய் முட்டுது. சில நேரம் செத்த மாதிரி சாஞ்சு கிடக்குது. என்ன வியாதி?

வியாதி இல்லை, பயம். இதற்குக் கண்பார்வை மங்கல். கலங்கின ஆற்று நீரில் மீசையையும் வாசனையையும் நம்பித் திரிகிற ஜீவன். திடீரென்று வெளிச்சம் வந்தாலோ, குழந்தை கண்ணாடியைத் தட்டினாலோ, எந்தப் பக்கம் சுவர் என்று பார்க்காமல் பாயும். மிரட்சி அதிகமானால் பக்கவாட்டில் சாய்ந்து அசையாமல் கிடக்கும். எங்கள் வீட்டில் ஒரு தடவை செத்துவிட்டது என்று கையில் எடுக்கப் போனேன். அது துள்ளிய துள்ளலில் மூடி பறந்தது, சோபா வரைக்கும் தண்ணீர்.

அறை விளக்கை முதலில் போட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள். பின்பக்கக் கண்ணாடிக்கு அடர்நிறத் தாள் ஒட்டுங்கள். நடுவில் கூரான கல், பொம்மைக் கோட்டை எதுவும் வேண்டாம். மூடி கனமாக இருக்கட்டும்.

உடம்பெல்லாம் ரவை தூவின மாதிரி புள்ளி. எந்த மருந்து போடலாம்?

அது வெள்ளைப்புள்ளி நோய். இந்த மீன் வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் வருவது சகஜம். செதில் இல்லாததால் மருந்து நேராகத் தோலில் ஏறும், அதனால் பாட்டிலில் போட்டிருக்கும் முழு அளவு இதற்கு விஷமாகலாம். நான் செய்வது: வெப்பநிலையை ஒரு நாளைக்கு ஒரு டிகிரி வீதம் ஏற்றி 30 டிகிரிக்குக் கொண்டுபோவேன். அயோடின் இல்லாத கல் உப்பை லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுவேன். புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் இதைத் தொடர வேண்டும். மருந்து போட்டே ஆக வேண்டும் என்றால் பாதி அளவில் ஆரம்பியுங்கள்.

கூட என்ன மீன் விடலாம்?

அதன் வாய்க்குள் போகாத எதையும். குஞ்சாக இருக்கும்போது கப்பியோடு சமாதானமாக இருக்கும். ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் கப்பி குறைந்திருக்கும்.

ரொம்ப பெரிசாயிடுச்சுண்ணா. ஏரியிலயோ கோயில் குளத்துலயோ விட்டுடலாமா? புண்ணியம்தானே?

தயவுசெய்து வேண்டாம். ஏரிக்கும் ஆற்றுக்கும் இது அந்நிய மீன். பாசி, பூச்சி, நத்தை, சின்ன மீன், பழம், எது கிடைத்தாலும் தின்னும். காற்றுக் குடிக்கிற மீன் என்பதால் கெட்ட தண்ணீரிலும் நிலைக்கும். கோயில் குளத்தில் விட்டால் பொரி போடுகிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், அங்கே ஏற்கனவே இருக்கும் குறவைக்கும் கெண்டைக்கும் வேடிக்கையாக இருக்காது.

வாங்கின கடையிலேயே திருப்பிக் கேளுங்கள், பெரிய குளம் வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பங்காசியஸ் பண்ணை பக்கத்தில் இருந்தால் அங்கேயும் கேட்கலாம், ஆனால் நோய் பயத்தில் பலர் வெளி மீனைச் சேர்க்க மாட்டார்கள். எதுவும் நடக்கவில்லையா? சமைத்துச் சாப்பிடுவதுகூட ஏரியில் விடுவதைவிட மேல். மருந்து போட்ட மீன் என்றால் அதுவும் கூடாது. என்னுடைய மூன்றும் ஒரு சொந்தக்காரரின் தோட்டத்துத் தொட்டிக்குப் போயின. போகும்போது ஒவ்வொன்றும் முழங்கை நீளம்.

இதோட சொந்த ஊர் எது? அங்க எப்படி வாழுது?

தாய்லாந்தின் சாவோ ப்ரயா ஆறும், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் வழியாக ஓடும் மீகாங் ஆறும். இது அடிப்படையில் ஒரு பயணி. மழைக்காலம் தொடங்கும் மே, ஜூன், ஜூலை மாதங்களில் கம்போடியாவின் வடக்கே கிராத்தியே, ஸ்துங் த்ரெங் பக்கம் பாறையும் சுழலுமாக ஆறு ஓடும் இடங்களில் முட்டையிடும். முட்டை ஒட்டும் தன்மை கொண்டது, வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும் மரங்களின் வேர்களில் போய் ஒட்டிக்கொள்ளும். சுமார் ஒரு நாளில் பொரியும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குஞ்சுகளை வெள்ளம் அடித்துக்கொண்டு கீழே போகும்.

அதற்கப்புறம் நடப்பதுதான் விசேஷம். கம்போடியாவில் தோன்லே சாப் என்று ஒரு பெரிய ஏரி. அதிலிருந்து ஓர் ஆறு கிளம்பி மீகாங்கில் சேரும். மழைக்காலத்தில் மீகாங்கின் நீர்மட்டம் ஏறும்போது அந்த ஆறு திசை மாறி ஏரியை நோக்கி ஓடும். குஞ்சுகளும் கூடவே போய், காடும் வயலும் மூழ்கிய வெள்ளக்காட்டில் மேய்ந்து கொழுக்கும். தண்ணீர் வடியும்போது இறங்கி மீகாங்குக்கு வந்து, கோடையை ஆழமான மடுக்களில் கழிக்கும். இத்தனை தூரம் போய்வரப் படைக்கப்பட்டதைத்தான் நாம் மூன்றடிக் கண்ணாடிக்குள் முன்னும் பின்னும் நீந்த விட்டு "ஏன் ஓயாம சுத்துது" என்று கேட்கிறோம்.

அப்போ தொட்டியிலயோ குளத்துலயோ முட்டை போடாதா?

போடாது. மேலே சொன்ன வெள்ளம், ஓட்டம், பயணம் எதுவும் இல்லாத இடத்தில் சினை முற்றாமலே நின்றுவிடும். ஆண் சுமார் 2 வருடத்திலும் பெண் 3 வருடத்திலும் பருவத்துக்கு வரும். குஞ்சுப் பொரிப்பகங்களில் ஹார்மோன் ஊசி போட்டு, வயிற்றை அழுத்தி முட்டையை எடுத்து, ஆணின் விந்தோடு கலக்கிறார்கள். 10 கிலோ எடையுள்ள பெண் மீன் 10 லட்சத்துக்கு மேல் முட்டை தரும். முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இருக்க டானின் கரைசலில் அலசி, தண்ணீர் கீழிருந்து மேலே பொங்கும் ஜாடிகளில் விடுவார்கள்.

பொரிந்த இரண்டாம் நாளே ஒன்றையொன்று கடித்துத் தின்ன ஆரம்பித்துவிடும். அந்த வயதில் அவற்றுக்குப் பல் இருக்கிறது, பொறுமை இல்லை. அதனால் கடிக்கத் தொடங்கும் முன்பே நுண்ணுயிர் மிதவைகள் நிறைந்த குளத்தில் பரப்பிவிட வேண்டும். அப்படியும் பெரும்பகுதி போய்விடும். ஊசி முறை பரவும் முன், 1990-களின் கடைசி வரைக்கும், வியட்நாம் பண்ணைகள் ஆற்றில் மிதந்து வரும் குஞ்சைப் பை வலையில் அள்ளித்தான் நடத்தின. த்ரா குஞ்சை அள்ளும்போது அதோடு சேர்ந்து சிக்கிய மற்ற இனங்களின் குஞ்சுகள் வீணாயின. கம்போடியா 1994-லும் வியட்நாம் 2000-த்திலும் அதைத் தடை செய்தன.

வியட்நாம்ல மட்டும் எப்படி இவ்வளவு விளையுது? உலகத்துக்கே அனுப்புறாங்களே?

ஆன் யாங், தொங் தாப், கன் தோ. இந்த மூன்று டெல்டாப் பகுதிகளின் பெயர் தெரிந்தால் போதும். வியட்நாம் ஆண்டுக்குப் 10 லட்சம் டன்னுக்கு மேல் இந்த மீனை எடுக்கிறது. பழைய முறை கூண்டு: கம்போடிய எல்லையை ஒட்டிய சௌ தொக் ஊரில் ஆற்றில் மிதக்கும் வீடுகள், வீட்டுக்கு அடியிலேயே மரக்கூண்டு. நடு ஹாலில் தரையில் ஒரு பலகை. அந்த வீட்டம்மா பலகையைத் தூக்கிவிட்டு ஒரு கை தீவனத்தை வீசினார். தரைக்குக் கீழே மழை கொட்டுவது மாதிரி ஒரு சத்தம், தண்ணீர் என் பேண்ட் வரை தெறித்தது. பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது பெரும்பகுதி ஆற்றோரக் குளங்களில். நம் ஆட்கள் முதலில் பார்த்துத் திகைப்பது ஆழத்தை. 4 மீட்டர், சில இடத்தில் அதற்கும் மேல். கட்லா, ரோகு குளத்தில் ஒரு ஹெக்டேருக்குச் சில டன் எடுத்தாலே நல்ல விளைச்சல் என்போம். அங்கே ஒரு பட்டத்துக்கு ஹெக்டேருக்கு 200, 300 டன் என்று எடுக்கிறார்கள். அச்சுப்பிழை இல்லை. காரணம் முன்னே சொன்ன அதே காற்றுக் குடிக்கும் குணம். ஆக்சிஜனை மீன் மேலே வந்து எடுத்துக்கொள்வதால் இவ்வளவு நெருக்கமாக விட முடிகிறது. மீதியை ஆறு பார்த்துக்கொள்கிறது: டெல்டாவில் கடல் ஏற்ற இறக்கத்தோடு ஆறும் ஏறி இறங்கும், மதகைத் திறந்தால் பழைய தண்ணீர் போய்ப் புதிய தண்ணீர் வரும். அறுவடை நெருங்கும்போது தினமும் தண்ணீர் மாற்றுவார்கள். அந்தக் கழிவும் அதே ஆற்றுக்குத்தான் போகிறது. இதை வைத்துத்தான் ஐரோப்பாவில் பெரிய சண்டையே நடந்தது.

பிடித்த மீனை அடியில் துளைகள் போட்ட படகில், ஆற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேற, உயிரோடு தொழிற்சாலை வாசலுக்கே கொண்டுபோகிறார்கள். தோல் கொலாஜனாகிறது, தலையும் எலும்பும் மாவாகின்றன, கொழுப்பு எண்ணெயாகிறது, இரைப்பையைக்கூடத் தனியாகச் சமைக்கிறார்கள்.

நம்ம ஊர்ல பண்ணை வைக்கலாமா? தடைன்னு சொல்றாங்களே?

தடை செய்யப்பட்டது ஆப்பிரிக்கக் கெளுத்தி. பங்காசியஸ் இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் அதிகம். அடையாளம் சுலபம். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தலை தட்டை, மீசை நான்கு ஜோடி, முதுகுத் துடுப்பு வால் வரைக்கும் நீளம், வால் உருண்டை. பங்காசியஸுக்கு மீசை இரண்டு ஜோடி, முதுகுத் துடுப்பு குட்டி முக்கோணம், வால் கவட்டை.

1990-களின் நடுவில் வங்கதேசம் வழியாக மேற்கு வங்கத்துக்கு வந்த மீன் இது. பிறகு ஆந்திராவில் கிருஷ்ணா, மேற்கு கோதாவரி மாவட்டங்களில் குளம் குளமாகப் பெருகியது. வளர்க்க மீன்வளத் துறையிடம் பதிவும் அனுமதியும் வேண்டும். வெள்ளம் வந்தால் உடையாத கரை, மீன் தப்பாதபடி மடையில் வலை, இரண்டும் கட்டாயம். அனுமதி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று குஞ்சு வாங்கியவர்கள் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். துறை அலுவலகத்துக்கு முதலில் போங்கள், குஞ்சுக்காரரிடம் அப்புறம்.

எத்தனை மாசம், எவ்வளவு தீவனம், லாபம் நிக்குமா?

கோடைத் தண்ணீரில் 6 முதல் 8 மாதம், ஒரு கிலோ மீன். மிதக்கும் தீவனம்தான் நல்லது. எவ்வளவு தின்கிறது என்று கண்ணால் பார்க்கலாம், மிச்சம் அடியில் அழுகாது. குஞ்சுக்குப் புரதம் 28 சதவீதத்துக்கு மேல், பெரிதானபின் 22, 24 போதும். நன்றாக நடத்தினால் ஒரு கிலோ மீனுக்கு ஏறத்தாழ 1.6 கிலோ தீவனம்.

கணக்கை நீங்களே போடலாம். இன்றைய தீவன விலையை 1.6-ஆல் பெருக்குங்கள். தீவனம் மொத்தச் செலவில் சுமார் முக்கால் பங்கு. மீதிக் கால் பங்கு குஞ்சு, ஆள், கரண்ட், குத்தகை. வரும் தொகையைக் குளத்தங்கரையில் வியாபாரி தரும் விலையோடு ஒப்பிடுங்கள், சந்தை விலையோடு வேண்டாம். இடைவெளி பெரும்பாலும் சில ரூபாய்தான். தீவனம் தயாரிப்பவர் சம்பாதிப்பார், குஞ்சு விற்பவர் சம்பாதிப்பார். நானே தீவனம் விற்றவன், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டினால், மீனைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா, எழுதித் தாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

மார்கழியில திடீர்னு கொத்துக் கொத்தா சாவுது. தண்ணி நல்லாத்தான் இருக்கு.

இது வெப்பமண்டல மீன். 26 முதல் 30 டிகிரியில் நன்றாகத் தின்னும். குளிர் ஏறினால் இரையைக் குறைத்துக்கொள்ளும், எதிர்ப்புச் சக்தி விழும், அந்த நேரத்தில் பாக்டீரியா ஏறும். செத்ததை அறுத்துப் பாருங்கள். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால், வியட்நாம் பண்ணைகளை 1990-களின் கடைசியிலிருந்து ஆட்டிவைக்கும் எட்வர்ட்சியெல்லா இக்டாலுரி நோயாக இருக்கலாம். தொட்டி மீனுக்கு மேலே சொன்ன தோல் புள்ளியும் இதுவும் வேறு வேறு. வெளியில் ரத்தக்கட்டும் புண்ணுமாக இருந்தால் ஏரோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியா என்று சந்தேகிக்கலாம்.

முதல் வேலை தீவனத்தை நிறுத்துவது. இரண்டாவது, செத்ததைக் கரையில் போடாமல் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பது. மூன்றாவது, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது. மருந்துக் கடைக்காரர் சொன்னார் என்று ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலக்காதீர்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் போன்றவை உணவு மீனுக்கு முற்றிலும் தடை.

சதை மஞ்சளா இருக்கு, மண் வாடை வேற அடிக்குது. ஏன்?

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் குளத்துத் தண்ணீர். பாசி மண்டித் தண்ணீர் மாறாத குளத்தில் பாசியின் நிறமிகள் கொழுப்பில் சேர்ந்து சதை மஞ்சளாகும். தீவனத்தில் மக்காச்சோளம் அதிகமானாலும் அப்படித்தான். வியட்நாம்காரர்கள் தினமும் தண்ணீர் மாற்றுவதில் வெள்ளைச் சதையும் ஒரு நோக்கம், வெளிநாட்டில் அதற்குத்தான் விலை. மண் வாடைக்கு நீலப்பச்சைப் பாசி சுரக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் காரணம். முதல் மழை வாசனையிலும் அதே பொருள்தான் இருக்கிறது. மண்ணில் வந்தால் கவிதை எழுதுகிறோம், குழம்பில் வந்தால் தட்டைத் தள்ளுகிறோம். பிடிப்பதற்கு முன் சில நாள் இரை போடாமல் சுத்தமான ஓடும் தண்ணீரில் விட்டால் வாடை குறையும்.

சாக்கடை மீன், விஷ மீன்னு வாட்ஸ்அப்ல வருது. சாப்பிடலாமா வேண்டாமா?

அந்த வதந்திக்கு ஒரு வேர் இருக்கிறது. மீகாங் டெல்டா கிராமங்களில் வீட்டுக் குளத்தின் மேல் கழிப்பறை கட்டி, அதற்குக் கீழே த்ரா வளர்க்கும் பழக்கம் ரொம்ப நாள் இருந்தது. உண்மைதான். ஏற்றுமதிப் பண்ணைகள் அப்படி இல்லை, அங்கே மீன் தின்பது தொழிற்சாலைத் தீவனம்.

இன்னொரு வேர் வியாபாரம். இது மலிவாக அமெரிக்காவுக்குள் வந்ததும் அங்கே கெளுத்தி வளர்ப்பவர்கள் கொதித்தார்கள். அமெரிக்கக் குடும்பத்துக் கெளுத்தியைத் தவிர வேறு எதையும் "கேட்ஃபிஷ்" என்று விற்கக் கூடாது என்று சட்டமே வந்தது. 2003-ல் கூடுதல் வரியும் போட்டார்கள். 2010-ல் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஐரோப்பிய நுகர்வோர் கையேடுகளில் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது, பிறகு சுற்றுச்சூழல் சான்றிதழை நோக்கிப் பேசி முடித்துக்கொண்டார்கள். கழிவுநீர் பற்றிய புகாரில் நியாயம் இருந்தது, விஷம் என்ற கூச்சலில் பெரும்பாலும் வியாபாரம்தான் இருந்தது.

சத்து என்று பார்த்தால் சுமாரான மீன். புரதம் உண்டு, ஒமேகா-3 மத்தியோடும் கானாங்கெளுத்தியோடும் பக்கத்தில்கூட நிற்காது. பாதரசமும் குறைவு. வேறு நல்ல மீன் கிடைக்காத இடத்தில், முள் பயப்படும் குழந்தைக்குக் கொடுக்கலாம். மத்தி கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு பாசா வாங்குவது ஏன் என்று மட்டும் எனக்குப் புரிவதில்லை.

ஃப்ரோசன் பாக்கெட் ஒரு கிலோ வாங்கினா, கரைஞ்சப்புறம் முக்கால் கிலோகூட இல்லையே?

மேலே பூசும் பனிப்படலம், உள்ளே தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாஸ்பேட் கரைசல், இரண்டுக்கும் சேர்த்துக் காசு கொடுத்திருக்கிறீர்கள். பாக்கெட்டில் நிகர எடை தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வதக்கும்போது நுரைத்துத் தண்ணீர் விட்டால் பாஸ்பேட் தாராளமாகப் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இந்த மீனைப் புளிக்குழம்பில் கொதிக்க விட்டால் உடைந்துவிடும். மிளகாய், மஞ்சள், கொஞ்சம் அரிசி மாவு தடவித் தவாவில் வறுப்பதே சரி. மலேசியாவின் தெமெர்லோ ஊரில் புளிக்க வைத்த துரியானில் பாத்தின் சமைப்பார்கள், அதன் மணத்துக்கு முன் எந்த மண் வாடையும் நிற்காது.

300 கிலோ மீகாங் கெளுத்தின்னு போட்டோ வருதே, அது இதுவேதானா? அதை வளர்க்க முடியுமா?

அது இதன் அண்ணன், பங்காசியானோடான் கிகாஸ். தாய்லாந்தில் ப்ளா பூக் என்பார்கள். 2005-ல் வட தாய்லாந்தில் பிடித்தது 293 கிலோ, 2.7 மீட்டர். பெரிதானபின் பல்லே கிடையாது, பாசி தின்று அந்த உடம்பு. தாய்லாந்து மீன்வளத் துறை 1983-ல் ஊசி போட்டுக் குஞ்சு எடுத்தது, அந்த வழி வந்தவை இன்று ஏரிகளிலும் தூண்டில் பூங்காக்களிலும் இருக்கின்றன. ஆற்றில் அருகிவிட்டது. 2024 டிசம்பரில் கம்போடியாவில் சில நாட்களுக்குள் ஆறு மீன்கள் சிக்க, அடையாளம் பொருத்தி ஆற்றிலேயே விட்டதே உலகச் செய்தியானது.

கடைகளில் "பரூன் ஷார்க்" என்று விற்பது இன்னொரு சொந்தம், பங்காசியஸ் சானிட்வோங்சீ. துடுப்பு நுனி நூல் மாதிரி நீண்டு அழகாக இருக்கும். அதுவும் ஆற்றில் 3 மீட்டர் வரை வளரும். மூன்றாவது பதிலைத் திரும்பப் படிக்கவும்.

பண்ணையில கோடிக்கணக்குல இருக்கு, ஆனா அழியற பட்டியல்ல இருக்குன்னு சொல்றீங்க. எப்படி?

பரூனும் பூக்கும் மட்டும் இல்லை, நம் சாதாரண த்ராவே 2011 முதல், அழியும் உயிரினங்களைப் பட்டியலிடும் ஐ.யு.சி.என். என்ற உலக அமைப்பின் பட்டியலில் ஆபத்தில் உள்ள இனம். குளத்து மீன் குளத்தில் பெருகுகிறது, ஆற்று மீனுக்குத் தேவை திறந்த வழி. அதை அணைகள் அடைக்கின்றன: 2019-ல் லாவோஸில் மீகாங்கின் மேல் சாயபுரி அணையும் அடுத்த வருடம் தோன் சாஹோங்கும் இயங்கத் தொடங்கின. கம்போடியா 2020-ல், தன் பகுதி மீகாங் ஆற்றின் குறுக்கே பத்து வருடம் அணை கட்டுவதில்லை என்று அறிவித்தது. ஸ்துங் த்ரெங் பக்கத்து முட்டையிடும் இடங்களுக்கு இப்போதைக்கு அதுதான் பாதுகாப்பு.

பாங்காக்ல கோயில் படித்துறையில ரொட்டி போட்டா கூட்டமா வருதே, அதுவும் இதுதானா?

ஆமாம், பெரும்பாலும் அதே ஸ்வாய். கோயில் முன்னால் ஆற்றில் மீன் பிடிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள், அது மீனுக்கும் தெரிந்துவிட்டது. துறையில் ரொட்டி விற்கும் பாட்டியிடம் ஒரு பை வாங்கிப் போட்டேன். முதலில் நாலைந்து வாய், பிறகு தண்ணீரே தெரியவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பாதி உடம்பு வெளியே, சட்டை நனைகிறது. ரொட்டி தீர்ந்ததும் கொஞ்ச நேரம் அங்கங்கே "டப், டப்" என்று காற்றைக் குடித்தன. பாட்டி அடுத்த பையை நீட்டினார்.